பித்தளை பதித்த அலுமாரிகள்

கதிரை, மேசை, அலுமாரி என்னுஞ் சொற்கள் போர்த்துக்கேய மொழியினின்றும் ஈழத்துத் தமிழிற் புகுந்தவை. சொல்லோடு பொருளும் நம் மனைகளிற் குடிபுகுந்தது. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுறுமுன்பே இலங்கைத் தச்சர் கருங்காலியிலும் முதிரையிலும் அலுமாரிகளும் பெட்டகங்களும் அமைத்து, அவற்றைப் பித்தளையால் அணிசெய்தனர்.

இவ்வணி இருவகைப்படும். பூட்டு, கீல், மூலை ஆகிய இடங்களில் மரத்தின்மேல் தகட்டை அறைவது ஒன்று. ஒல்லாந்தர் காலப் பெட்டகங்களிற் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. மரத்தைக் குடைந்து, அக்குழியிற் பித்தளையைப் பதித்து, இரண்டும் ஒரு தளமாகுமாறு இழைப்பது மற்றொன்று. இது உட்பதிப்பு எனப்படும். வட இந்தியாவின் மைன்புரியில் சீசம் மரத்திற் பித்தளைக் கம்பியை அடித்துப் பதிக்கும் தார்க்கசி வேலை இவ்வினத்தது.

பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியின் தச்சரான ஆந்திரே சார்ல் பூலே (1642–1732) உட்பதிப்பை உச்சநிலைக்கு உயர்த்தினார். பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டுத் தகட்டையும் ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒருங்கே அறுப்பது அம்முறை. ஒன்றில் வெட்டிய பூ மற்றொன்றின் வெற்றிடத்திற் பிசகின்றிப் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இப்பழம்பாணிக்குப் புத்துயிரளித்தனர். ஆதலின் அப்பாணியில் அமைந்தன யாவும் பழங்காலத்தன அல்ல. பிற்காலத்தன ஆயினமையால் அவை போலிகளும் அல்ல.

மலைநாட்டுத் தோட்டங்கள் எழுந்ததும் அந்நூற்றாண்டிலேயே. 1884இற் புகைவண்டி ஹட்டனை அடைந்தபின் கனத்த தளபாடங்களை மலையேற்றுதல் எளிதாயிற்று. துரைமார் பங்களாக்களில் அலுமாரிகளைத் துடைத்து மினுக்கியோர் தோட்டத் தமிழர். அவர்தம் லயத்து அறையிலோ தகரப்பெட்டியே அலுமாரியாயிருந்தது.

ஈரம் மிக்க இம்மலைகளில் உட்பதிப்புக்கு நேரும் கேடு யாது? மழைக்காலத்தில் மரம் குறுக்குவாட்டில் உப்பும், வெயிற்காலத்திற் சுருங்கும். பித்தளையோ ஈரத்தால் விரிவதில்லை. இவ்விழுபறியால் இடைநின்ற வச்சிரப்பசை தளர, தகட்டின் முனை மேலெழும். அதனை ஆணியால் அறைந்தால் மரம் பிளத்தல் கூடும். குத்துவிளக்குத் துலக்கும் வழக்கப்படி புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பின், தகட்டிற் செதுக்கிய நுண்கோடுகள் அழியும். கசியும் நீர் பசையையும் இளக்கும். உலர்ந்த மென்துணியால் துடைத்தலும், எழுந்த முனையைத் தேர்ந்த தச்சரிடம் காட்டுதலுமே தக்கவை.

இத்தகைய பொருள்களைச் செய்தோருட் பலர் தம் பெயரை எழுதிவைத்திலர். அவர்தம் கைத்திறனுக்கு அந்நுண்கோடுகளே சான்று. நல்லெண்ணத்தோடு செய்யும் ஒருநாட் பணியால் அச்சான்று அழிந்துவிடலாகாது.