சியாபுவும் பெண்களும்

சியாபு, பில் குடா என்னும் பெயர்களை நம்மில் பலர் கேள்வியுற்றிருப்போம். இவ்விரண்டிலும் அடங்கியுள்ளது மெத்தம்பெட்டமின் என்னும் ஊக்கப் போதைப்பொருளாகும். ஹெரோயின் உடலை மந்தமாக்கி உறங்கச் செய்வது. இதுவோ உறக்கத்தையும் பசியையும் விரட்டி, இல்லாத வலிமை வந்துவிட்டது போன்ற மயக்கத்தை உண்டாக்குவது.

போதைப்பழக்கம் ஆண்களுக்கே உரியதென்று நாம் எண்ணுகிறோம். எண்ணிக்கையில் ஆண்களே மிகுதி என்பது மெய்யே. ஆயினும், ஊக்கப் போதைப்பொருளைத் தொட்ட பெண், பல வேளைகளில் ஆணைவிடக் குறுகிய காலத்தில் அதற்கு அடிமையாகிவிடுகிறாள் என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, உடலைச் சார்ந்தது. இப்போதைப்பொருள் மூளையில் டோப்பமின் என்னும் இரசாயனத்தைப் பெருக்கி இன்ப உணர்வை ஊட்டுகிறது. பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இவ்விளைவை வலுப்படுத்துகிறது, புரோஜெஸ்ட்ரோன் தணிக்கிறது. ஆதலால், மாதவிலக்குக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் உயரும் நாள்களில் போதையின் வேகம் கூடுதலாக உணரப்படுகிறது.

இரண்டாவது, வாழ்க்கையைச் சார்ந்தது. ஆண்கள் பலர் நண்பர்களோடு களிப்புக்காகத் தொடங்குகின்றனர். பெண்களுள் பலரோ களைப்பைப் போக்கவும், உடல் எடையைக் குறைக்கவும், மனத்துயரை மறக்கவும் தொடங்குகின்றனர். கணவனே பழக்கிவிடுவதும் உண்டு. விடியுமுன் எழுந்து சமைத்து, பால்மரம் வெட்டி, மாலையில் வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணிடம், "இது களைப்பு நீக்கும் மருந்து" என்று கூறுவது எத்தகைய வஞ்சகம் என்பதை நாம் உணர வேண்டும்.

இரண்டு மூன்று நாள் உறங்காதிருத்தல், உணவை வெறுத்தல், உடல் மெலிதல், காரணமற்ற சந்தேகம் ஆகியவை இப்பழக்கத்தின் அறிகுறிகளாகலாம். நாளடைவில் பற்கள் சிதையும்; இதயம் கெடும்; மனநிலை பிறழும். கருவுற்றவர் உட்கொண்டால் குழந்தை குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கக்கூடும்.

ஹெரோயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் இதற்கு மாற்று மருந்து இல்லை. தொடர்ந்த ஆலோசனையும் குடும்பத்தாரின் ஆதரவுமே கைகொடுப்பவை. ஆனால், ஊரார் பழிச்சொல்லுக்கும், பிள்ளைகளைப் பிரிய நேருமோ என்னும் கவலைக்கும் அஞ்சிப் பெண்கள் இதனை மறைத்துவிடுகின்றனர். நோய் முற்றிய பின்னரே பலர் வெளியே வருகின்றனர்.

தாமே முன்வந்து சிகிச்சை கோருவதற்கு 1983 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் வழிசெய்துள்ளது. ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை நாடலாம்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு இத்துன்பம் நேர்ந்தால், ஏச்சும் அடியும் அவளை மீட்கமாட்டா. அவளுடன் துணையாகச் செல்வோம். அவள் நலம்பெறும் வரை பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்வோம்.