நின்ற இதயத்தில் இரண்டு வேலை

புனேயில் ராணுவத்துக்கென்றே ஓர் இதய அறுவை மருத்துவமனை உண்டு. அங்கோ, நகரின் ரூபி ஹால் கிளினிக்கிலோ, "வால்வையும் மாத்தணும், பைபாஸும் பண்ணணும்" என்று மருத்துவர் சொன்னால் குடும்பமே கலங்கிவிடும். ஒன்றை இப்போது, மற்றதைப் பிறகு செய்யக் கூடாதா?

மார்பெலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிடுவதுதான் பெரும்பாடு. இரண்டாம் முறை திறந்தால் தழும்பில் இதயம் ஒட்டிக் கிடக்கும். இதயத் தமனியின் அடைப்பை விட்டுவைத்தாலோ, புது வால்வு இருந்தும் தசை பட்டினி கிடக்கும்.

செய்யும் வரிசை அழகானது. முதலில் காலிலிருந்து எடுத்த சிரையை அடைப்புக்கு அப்பால் தைக்கிறார்கள். இதயத்தை உறங்கவைக்கும் பொட்டாசியம் திரவத்தை அந்தச் சிரை வழியாகவும் தசைக்கு ஊட்டலாம். இடப்புற இரு அறைகளுக்கு நடுவே விறைப்பான மைட்ரல் வால்வைப் பொருத்திய பிறகு, சிரை தைப்பதற்காக இதயத்தைத் தூக்கிப் புரட்டினால் பின்சுவர் கிழியக்கூடும்; அதனால் வால்வு பிறகுதான்.

இந்த இரண்டில், இந்தியாவில் பைபாஸை முதலில் வெற்றியோடு செய்தவர் கே.எம். செரியன், 1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். உள்நாட்டிலேயே ஒரு வால்வை உருவாக்க, இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானின் குழுவினர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் போராடினார்கள். 3 மாதிரிகள் தோற்றபின், கோபால்ட் உலோகக்கூட்டில் பாலிஎத்திலீன் தகடு சாயும் நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குள் துடித்தது. ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி முறை அந்தத் தகடு திறந்து மூடவேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் அவர்களின் பிடிவாதம் புரியும்.

பலன் எப்படி? அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் 2002-2006 கணக்கில், பெருந்தமனி வால்வை மட்டும் மாற்றியவர்களில் அறுவையையொட்டி இறந்தோர் 3.2 சதவீதம், பைபாஸும் சேர்ந்தபோது 5.6. மைட்ரல் வால்வு என்றால் 5.7, சேர்ந்தபோது 11.6. இந்த உயர்வை "கூடுதல் வேலையின் விலை" என்று மட்டும் படிக்கக் கூடாது. இதயம் நிற்கும் நேரம் நீள்வது உண்மைதான். ஆனால் இரண்டும் தேவைப்படுகிறவர் பெரும்பாலும் மூத்தவர், சர்க்கரையும் பலவீனமான சிறுநீரகமும் உள்ளவர். ஆகவே குடும்பம் கேட்கவேண்டியது, "எங்கள் அப்பாவுக்கு ஆபத்து எவ்வளவு?" என்பதே.

வால்வின் வகையையும் கேட்கவேண்டும். உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. மூத்தவர்களுக்குப் பெரும்பாலும் விலங்குத் திசு வால்வையே தேர்கிறார்கள். அது தேயும், ஆனால் பலருக்கு அந்த மாத்திரையை முதல் சில மாதங்களோடு நிறுத்திவிடலாம். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்றாலும், அதை எடுப்பவர் புனேயின் மேத்தி பாஜியை, அதாவது வெந்தயக்கீரைப் பொரியலை, கைவிடவேண்டியதில்லை. திடீரென்று கூட்டாமல், திடீரென்று நிறுத்தாமல், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.