வாசல் நான்கு, வட்டு ஒன்று

சிவகாசியின் ஆஃப்செட் அச்சகங்களில் காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டியின் மேலட்டை ஆகியவற்றுக்கான படக்கோப்புகள் ஆண்டுதோறும் பெருகுவதால், சர்வருக்கு வெளியே தனிச் சேமிப்பகப் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளும் தேவை எழக்கூடும். சிறிய அச்சகத்துக்கு ஒரே கேபிளில் இணையும் பெட்டியும் ஒழுங்கான காப்பு நகலும் போதும். ஒரு மணி நேரம்கூட வேலை நிற்கக் கூடாத இடங்களில்தான் சர்வருக்கும் சேமிப்பகத்துக்கும் இடையே பல வழிகளை அமைக்கும் செலவு நியாயமாகும்.

சர்வரில் இரண்டு இணைப்பு அட்டைகளும் சேமிப்பகத்தில் இரண்டு கன்ட்ரோலர்களும் இருந்து, ஒவ்வோர் அட்டையும் இரு கன்ட்ரோலர்களையும் எட்டினால் வழிகள் நான்காகின்றன. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ஒவ்வொரு வழியையும் தனி வட்டாகவே கொண்டு எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என நான்கு பெயர்களைச் சூட்டிவிடுகிறது. பட்டாசு ஆலையின் பணியறைகளில், தொழிலாளர் விரைந்து தப்புவதற்காக, வெளிப்புறம் திறக்கும் வாசல்கள் ஒன்றுக்கு மேல் வைக்கப்படுகின்றன. வாசல்களை எண்ணி அறைகளின் கணக்கைச் சொல்பவரின் பிழையே இங்கும் நேர்கிறது. சேமிப்பகம் ஒவ்வொரு வட்டுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத அடையாள எண் ஒன்றை வழங்குகிறது. நான்கு பெயர்களிலும் அதே எண் இருப்பதைக் கண்டு, மல்டிபாத் என்னும் மென்பொருள் அவற்றைத் தொகுத்து எம்பாத்-ஏ என்பது போன்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவருகிறது. 2003 இறுதியில் வெளியான 2.6 கெர்னலில் இடம்பெற்ற டிவைஸ் மேப்பர் என்னும் அடுக்கே இதற்கு அடிப்படை.

ஒரே வட்டைப் பாகம் பிரித்துப் பயன்படுத்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் இடம்பெற்றன. பல்வழி வட்டில் கூடுதலாகக் காக்க வேண்டிய விதி, பாகம் பிரிப்பதும் ஃபார்மட் செய்வதும் தொகுப்புப் பெயரின் மீது மட்டுமே நடக்க வேண்டும் என்பது. மல்டிபாத் இயங்கும்போது எஸ்டிபியை ஃபார்மட் செய்ய முயன்றால், அது பயன்பாட்டில் உள்ளது என்று கூறிக் கட்டளை மறுத்துவிடும். இயங்காதபோதோ தடுப்பார் இல்லை, எஸ்டிபியில் அமைத்த கோப்பு முறைமையை, வேறு வட்டு என எண்ணி எஸ்டிசிக்கு இட்ட கட்டளை அழித்துவிடும்.

ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளைப் பழைய எம்பிஆர் அட்டவணை முழுமையாகக் கையாளாது என்பதால், பார்ட்டெட் கருவியில் ஜிபிடி அட்டவணையைத் தேர்ந்து, பாகத்தை 1 மெபிபைட் தள்ளித் தொடங்குவது வழக்கம். புதிய பாகம் உடனே தென்படாவிட்டால் கேபார்ட்எக்ஸ் கட்டளையால் அதைக் கெர்னலுக்கு அறிவித்து, அதன் பின்னரே எக்ஸ்எஃப்எஸ் அல்லது ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை அமைக்க வேண்டும். சர்வர் தொடங்கும்போது தானாக இணையும்படி பதிவுசெய்கையிலும் தொகுப்புப் பெயரையே எழுதுவது நல்லது. கோப்பு முறைமையின் அடையாள எண்ணை மட்டும் எழுதினால், மல்டிபாத் எழுவதற்கு முன்பே ஒற்றை வழியில் வட்டு இணைந்துவிட இடமுண்டு.

இவ்வளவு செய்தாலும் பல்வழி அமைப்பு காப்பது இணைப்பை மட்டுமே. தவறுதலாக நீக்கிய கோப்பை அது மீட்டுத் தராது. ஆகவே காப்பு நகலைத் தனியே வைத்துக்கொண்டு, ஏதேனும் ஒரு கேபிளைக் கழற்றியும் எழுதும் பணி தொடர்கிறதா என்று சோதித்த பிறகே அச்சகத்தின் கோப்புகளை அதில் ஏற்ற வேண்டும்.