ஓங்கி அடித்தவர்!

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் விடுமுறை நாளில் போயிருக்கிறீர்களா, நேயர்களே? காலி மனை ஒன்று அகப்பட்டால் போதும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த கூச்சலுடன் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கிவிடும். ஆலையில் ‘ஷிப்ட்’ முடித்து வந்த வாலிபர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே அணி. அந்த அணியில் கண்டிப்பாக ஒருவன் இருப்பான். எந்தப் பந்து வந்தாலும் மதிலுக்கு அப்பால் அனுப்பப் பார்ப்பான். பந்து மதிலைத் தாண்டினால், “சபாஷ்!” மேலே எழும்பி யார் கையிலாவது விழுந்தாலோ, “அவசரக் குடுக்கை! கொஞ்சம் நின்று ஆடினால் என்ன?”

இந்தச் சபாஷையும் இந்த வசவையும் பத்து வருஷ காலம் மாறி மாறி வாங்கிக்கொண்ட தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த்.

1959-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்சாரப் பொறியியல் படித்தவர். 1981 நவம்பரில், இருபத்தொரு வயதில், இங்கிலாந்துக்கு எதிராக இந்திய அணியில் இடம் கிடைத்தது. பம்பாயில் நடந்த அந்த முதல் டெஸ்டிலேயே ஒரு வேடிக்கை. பந்தைத் தட்டிவிட்டு, ஏதோ யோசனையில் கோட்டைத் தாண்டி உலாவப் போனார். எதிரணியினர் சும்மா இருப்பார்களா? ரன் அவுட்! நிதானம் என்பது அவர் ஜாதகத்தில் எழுதப்படவில்லை போலும்.

அவருக்கு ஜோடியாக மறுமுனையில் நின்றவர் யார் தெரியுமா? நிதானமே உருவான சுனில் கவாஸ்கர்! ஒருவர் தவம் செய்ய, மற்றவர் தாண்டவம் ஆடினார்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அங்கே ஓங்கி அடிப்பவர்களுக்குத் தனி மதிப்பு. மைக் ஷ்மிட் என்பவர் பிலடெல்பியா அணிக்காக 1972 முதல் 1989 வரை ஆடியவர். ஆடுகளத்தின் உள்வட்டத்தில் நின்று பந்தைத் தடுக்கும் வேலை. மட்டை கைக்கு வந்தால் பந்து மைதானத்துக்கு வெளியே! இப்படி 548 ‘ஹோம் ரன்’கள் அடித்தார். ஆனால் மட்டையை வீசிப் பந்தைக் கோட்டைவிட்டு ஆட்டமிழந்தது எத்தனை தடவை? 1,883! அதற்காக அவரை யாரும் தள்ளிவிடவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரே நாளில் நாலைந்து முறை மட்டை பிடிக்கலாம். ஒரு முறை போனால் மறுமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கிரிக்கெட்டில் அந்தச் சலுகை ஏது? ஒரு தவறு, அவ்வளவுதான்! ஒரு நாள் ஆட்டமானால் மறு வாய்ப்பே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில், பளபளக்கும் புதுப் பந்தை எதிர்த்து முதல் ஓவரிலேயே மட்டையை ஓங்குவதென்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்தத் துணிச்சலுக்குப் பெரிய சோதனை 1983 ஜூன் 25 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் வந்தது. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே மேற்கு இந்தியத் தீவினர். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நான்கு வேகப் புயல்கள்! கவாஸ்கர் 2 ரன்னில் போய்விட்டார். மற்றவர்கள் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்த வேளையில், ராபர்ட்ஸ் வீசிய பந்தை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி விளாசினார் ஸ்ரீகாந்த். பந்து எல்லைக் கோட்டுக்குப் பறந்தது. 57 பந்துகளில் 38 ரன். ஏழு பவுண்டரி, ஒரு சிக்ஸர்.

முப்பத்தெட்டுதானா என்று கேட்காதீர்கள். அன்று இரு அணியிலும் அதைவிட அதிகம் எடுத்தவர் ஒருவரும் இல்லை. இந்தியா எடுத்த மொத்தம் 183, எதிரணி 140. நம் கணக்கிலிருந்து அந்த 38-ஐக் கழித்துப் பாருங்கள்: மிஞ்சுவது 145. கோப்பை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருக்கும்!

அந்த வெற்றியில் கர்நாடகத்து ரோஜர் பின்னிக்கும் சையத் கிர்மானிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆகவே எல்லையோரத்து ஓசூர்க்காரர்கள் இரு பக்கமும் சொந்தம் கொண்டாடலாம்!

பிறகு 1986-இல் சிட்னியில் 116, 1987-இல் நம் சேப்பாக்கத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக 123 என்று டெஸ்டில் இரண்டு சதங்கள். ஆனாலும் 43 டெஸ்டுகளில் 2,062 ரன். சராசரி முப்பதைத் தொடவில்லை. ‘பொறுமை இல்லை’ என்ற பழி கடைசி வரை தொடர்ந்தது.

1989-இல் அணித் தலைவராகப் பாகிஸ்தான் சென்றார். பதினாறு வயது சச்சின் டெண்டுல்கர் முதல் டெஸ்ட் ஆடியது இவர் தலைமையில்தான். நான்கு டெஸ்டுகளிலும் தோல்வியின்றித் திரும்பினார். கிடைத்த பரிசு? தலைமையும் போயிற்று, அணியில் இடமும் போயிற்று!

ஆனால் மனிதர் சோர்ந்துவிடவில்லை. மறுபடியும் இடம் பிடித்து ஆஸ்திரேலியா போனார். 1992-இல் பெர்த் நகரில் தமது கடைசி டெஸ்டில், ஒரே இன்னிங்ஸில் ஐந்து காட்ச்கள் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். அவ்வாண்டு அவர் விலகியபோது ஒரு நாள் ஆட்டங்களில் அவருடைய 4,091 ரன்னை விஞ்சிய இந்தியர் வேறு எவரும் இல்லை. பின்னாளில் தேர்வுக் குழுத் தலைவரானார். 2011-இல் இந்தியா மீண்டும் உலகக் கோப்பையை வென்றபோது, அந்த அணியைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் அவரே.

பெரியவர்கள் சொற்படி அவர் அடங்கி ஒடுங்கி ஆடியிருந்தால் சராசரி உயர்ந்திருக்கலாம். ஆனால் லார்ட்ஸில் அந்த 38 கிடைத்திருக்குமா? அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பிள்ளை ஓங்கி அடித்து அவுட்டாகி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், திட்டுவதற்கு முன் அதைச் சற்று யோசியுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும், அது வேறு விஷயம்!