முடிவே இல்லாத ஆட்டம்!



'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் தாத்தா, அப்புறம் வெச்சிடறேன்!' என்று பேரன் சொல்லி, முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. போன் அவன் கையிலேயே இருந்தது. உங்கள் வீட்டிலும் தினமும் கேட்கும் வசனம்தானே இது? திட்டப் போகிறேன் என்று பயப்படாதீர்கள். அந்த, 'ஒரே ஒரு ஆட்டம்' ஏன் ஒன்றோடு நிற்பதில்லை என்று பார்ப்போம்.

உங்கள் அப்பா, அம்மா சிறுவர்களாக இருந்தபோது, திருவிழாக் கடைகளில், 'பிரிக் கேம்' என்ற சின்னக் கருவி விற்பார்கள். மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். அடுக்கு உச்சியைத் தொட்டால் தோல்வி. இந்த ஆட்டத்தின் உண்மைப் பெயர், 'டெட்ரிஸ்!'

இதை, 1984ல் உருவாக்கியவர் அலெக்சி பஜித்னோவ். மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்தவர். ஐந்து சதுரங்கள் சேர்ந்த துண்டுகளை அடுக்கும், 'பென்டோமினோ' புதிர் அவருக்குப் பிடிக்கும். அதில் 12 துண்டுகள். சதுரங்களை நான்காகக் குறைத்து, 7 துண்டுகளோடு புது ஆட்டம் செய்தார். கிரேக்க மொழியில், 'டெட்ரா' என்றால் நான்கு. அதோடு தனக்குப் பிடித்த டென்னிசைச் சேர்த்துப் பெயர் வைத்தார்.

அவரிடம் இருந்த, 'எலக்ட்ரோனிகா 60' கம்ப்யூட்டரில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடித்துத்தான் சதுரம் காட்டினார்! பிறகு, ஐ.பி.எம்., கம்ப்யூட்டருக்கு இதை மாற்றித் தந்தவர், வாடிம் கெராசிமோவ் என்ற 16 வயது பள்ளி மாணவர். 1989ல், நின்டென்டோவின், 'கேம் பாய்' மூலம் உலகமெங்கும் பரவியது. ஆனால், உரிமை சோவியத் அரசிடம் போனதால், 1996 வரை பஜித்னோவுக்கு ராயல்டி கிடைக்கவில்லை.

ஜெயிக்கவே முடியாது!

வழக்கமான டெட்ரிசில், 'நீ ஜெயித்துவிட்டாய்' என்ற இடமே இல்லை. வேகம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் தோற்போம். சரியாக அடுக்கியது மறைந்துவிடும். தப்பாக அடுக்கியது மட்டும் கண் முன்னே நிற்கும். அதைச் சரிசெய்ய மனம் துடிக்காதா? 'இன்னும் ஒரு ஆட்டம்' பிறப்பது அங்கேதான்.

டிசம்பர் 2023ல், அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், பழைய நின்டென்டோ டெட்ரிசில் 157வது நிலை வரை ஆடினான். அப்போதும் ஆட்டம் முடியவில்லை. அப்படியே உறைந்து நின்றுவிட்டது! மனிதர் ஒருவர் அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

தூக்கத்திலும் விழும் கட்டைகள்

ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர், 27 பேரை டெட்ரிஸ் ஆடச் சொல்லி ஆராய்ந்து, 2000ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கண் அயரும் நேரத்தில் கட்டைகள் விழுவது தெரிந்ததாகப் பலர் சொன்னார்கள். அந்த 27 பேரில், 5 பேர் புதிதாக எதுவும் நினைவில் தங்காத மறதி நோயாளிகள். அவர்களிலும் 3 பேர் அதையே சொன்னார்கள், விளையாடியதே நினைவில்லாமல்! நாம் ஆட்டத்தை விட்டாலும், மூளை உடனே விடுவதில்லை என்பது புரிகிறதா?

அப்படியானால் விளையாட்டே கெட்டதா? இல்லை. கதைப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கபடிக்கு விசில் உண்டு. போனில் வரும் பல ஆட்டங்களுக்கும், குட்டி வீடியோக்களுக்கும் அது இல்லை. ஆகவே, விசில் நாம்தான் ஊத வேண்டும்.

தொடங்கும் முன்பே, 'மூன்று ஆட்டம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொன்று முடிந்ததும் பேப்பரில் ஒரு கோடு போடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் போன் வேண்டாம். என் பேரனின் பேப்பரில் முதல் நாள் ஐந்து கோடு! 'தப்பு என் மேலதான் தாத்தா' என்று அவனே ஒப்புக்கொண்டான். மறுநாள் மூன்றோடு நிறுத்தினான்.

வெட்டிப் பாருங்கள்!

கட்டம் போட்ட நோட்டுத் தாளில் டெட்ரிஸ் துண்டுகள் 7ஐயும் வெட்டுங்கள்: நேர்கோடு, சதுரம், ஆங்கில எழுத்துகளான டி, எல், திருப்பிப் போட்ட எல், எஸ், இசட். மொத்தம் 28 சதுரம். இவற்றால், 4க்கு 7 கட்டம் உள்ள செவ்வகத்தை நிரப்ப முடியுமா? முயன்ற பிறகு விடையைப் படியுங்கள்.

விடை: முடியாது! செவ்வகத்துக்குச் செஸ் பலகை போல வண்ணம் தீட்டினால், கறுப்பு 14, வெள்ளை 14. ஆறு துண்டுகள் தலா 2 கறுப்பு, 2 வெள்ளையை மூடும். 'டி' மட்டும் ஒரு நிறத்தில் 3, மற்றதில் 1 மூடும். மொத்தம் 15ம் 13ம் ஆகிவிடுமே, 14ம் 14ம் எப்படி வரும்?

பார்த்தீர்களா, இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டு!