போர்னு பேர் வைக்காத போர்: மலாயா, 1948

தொண்டாமுத்தூர்ல இருந்து பேசறேன். போன எபிசோட்ல வியட்நாம் பார்த்தோம். கம்யூனிசத்துக்கு எதிரான போர்னாலே நமக்கு அதுதான் ஞாபகம் வருது. ஆனா அமெரிக்கா அங்க படை இறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, நம்ம ஆளுங்க ரப்பர் பால் வெட்டின மலாயாவுல பிரிட்டன் இப்படி ஒரு போரை நடத்துச்சு. 1948ல இருந்து 1960 வரைக்கும், 12 வருஷம். வச்ச பேரு 'எமர்ஜென்சி'. போர்னு சொன்னா லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தோட்ட முதலாளிகளுக்கு நஷ்டஈடு தராதுங்கறதுதான் காரணம்னு சொல்வாங்க.

ஜப்பான் மலாயாவைப் பிடிச்சிருந்தப்ப காட்டுக்குள்ள இருந்து சண்டை போட்டவங்க பெரும்பாலும் சீன கம்யூனிஸ்டுகள். ஆயுதம் கொடுத்து உதவினதே பிரிட்டன்தான். பின்னாடி கட்சித் தலைவரான சின் பெங்குக்குப் பதக்கம் வேற கொடுத்தாங்க! போர் முடிஞ்சதும் கதை மாறுது. கடன்ல கிடந்த பிரிட்டனுக்கு டாலர் கொண்டுவந்தது மலாயா ரப்பர். தோட்டத்துலயோ கூலி போதல, அரிசி கிடைக்கல, வேலைநிறுத்தம் பரவுது. வால்பாறை லயத்துல வாழ்ந்தவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லைங்க.

1948 ஜூன் 16, பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட். மூணு வெள்ளைக்காரத் தோட்டத் துரைங்களைச் சுட்டுக் கொன்னாங்க. இதுதான் தொடக்கம்னு பல புத்தகங்கள்ல இருக்கு. எனக்கு லாக் பார்க்கற தொழில். எர்ரருக்கு முந்தின வரியைத்தான் தேடுவேன். சில நாள் முன்னாடியே தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தை முடக்கிட்டாங்க. கொலையை நான் நியாயப்படுத்தல. ஆனா பேசித் தீர்க்கற வழி அதுக்கு முன்னாலயே அடைபட்டுப் போச்சு.

அந்த சம்மேளனத்தோட தலைவர் ஒரு தமிழர். எஸ்.ஏ. கணபதி, தஞ்சாவூர் பக்கம் தம்பிக்கோட்டைக்காரர், நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல இருந்தவர். 1949 மார்ச்ல ரவாங் பக்கத்துல துப்பாக்கியோட பிடிபட்டார். போலீஸ்ல ஒப்படைக்கத்தான் எடுத்துட்டுப் போனேன்னு சொன்னார். எமர்ஜென்சி சட்டப்படி அனுமதியில்லாம துப்பாக்கி வச்சிருந்தாலே தூக்கு. நேரு அரசாங்கம் கேட்டும் கேக்கல. மே 4, கோலாலம்பூர் புடு சிறையில தூக்குல போட்டாங்க. அதுக்கு முந்தின நாள்தான் இன்னொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்னிருந்தாங்க.

1950ல பிரிக்ஸ் திட்டம். காட்டோரத்துல இருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட 'புதுக் கிராமங்களுக்கு' மாத்தினாங்க. போராளிகளுக்கு அரிசி போகக்கூடாதுன்னுதான். அடுத்த வருஷம் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியையே வழிமறிச்சுக் கொன்னாங்க. பிரிட்டன் பிடி இன்னும் இறுகிச்சு.

மலாயாவுல வேலை பார்த்த ராபர்ட் தாம்சன் பிறகு தென் வியட்நாமுக்கு ஆலோசகரா போனார். 1962ல அங்கயும் முள்வேலிக் கிராமங்கள் வந்துச்சு. ரெண்டு வருஷம்கூட உருப்படியா நிக்கல.