முகப்புப் பலகையின் எச்சரிக்கை விளக்குகள்



வைகாசிப் பொங்கலுக்காக மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலுக்கு வானில் செல்கிறீர்கள் எனக் கொள்வோம். வான் நிறைய ஆட்கள். வெளியே கடும் வெயில். சாரதியின் முன்னாலுள்ள பலகையில் வெப்பமானி வடிவான சிவப்பு விளக்கு எரிகிறது. "இன்னும் கொஞ்சத் தூரந்தானே, போய்ப் பார்ப்பம்" என்கிறார் ஒருவர். இது சரியான முடிவா? இதற்கு விடையளிக்க நீங்கள் கற்ற விஞ்ஞானமே போதும்.

நிறங்களின் பொருள்
சிவப்பு - ஆபத்து. பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துக.
மஞ்சள் - கவனம். விரைவில் பரிசோதிக்க வேண்டும்.
பச்சை, நீலம் - ஒரு தொகுதி இயங்குகிறது என்ற தகவல் மட்டுமே.

முக்கியமான சிவப்பு விளக்குகள்

1. எண்ணெய் விளக்கு: இது காட்டுவது எண்ணெயின் அளவையன்று, அமுக்கத்தையே. எஞ்சின் நிற்கும்போது அமுக்கம் இல்லை. அமுக்க ஆளி மூடியிருப்பதால் விளக்கு எரியும். எஞ்சின் இயங்கியதும் பம்பி எண்ணெயைத் தள்ள, அமுக்கம் கூடி ஆளி திறக்கும், விளக்கு அணையும். ஓடும்போது எரிந்தால் உலோகப் பாகங்கள் எண்ணெயின்றி உராய்ந்து தேயும். எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும்.

2. பற்றரி விளக்கு: எஞ்சின் சுழற்றும் மின்பிறப்பாக்கி, 12 வோல்ற்று பற்றரியை மின்னேற்றவில்லை என்பதைக் காட்டும்.

3. பிரேக் விளக்கு: கைப்பிரேக் இழுபட்டிருந்தால் எரியும். அதை விடுவித்தும் அணையாவிடின் பிரேக் திரவம் குறைந்திருக்கலாம். பயணத்தைத் தொடரலாகாது.

4. வெப்பநிலை விளக்கு: எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்பதைக் காட்டும்.

இனி எமது வானுக்கு வருவோம். எரிந்தது நான்காவது விளக்கு. தொடர்ந்து ஓடினால் உலோகப் பாகங்கள் விரிந்து வளைந்து எஞ்சின் பழுதாகும். எனவே நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ரேடியேற்றர் மூடியை உடனே திறப்பது மிகப் பெரிய தவறு. மூடிய தொகுதியில் அமுக்கம் அதிகமாதலால் நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியசிலும் கூடியிருக்கும். திறந்ததும் அமுக்கம் சடுதியாகக் குறைய, நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும்.

மாதிரி வினா
எஞ்சினை இயக்குமுன் சாவியைத் திருப்பியபோது எண்ணெய் விளக்கு எரியவே இல்லை. இது நல்ல அறிகுறியா?

விடை
அன்று. அப்போது விளக்கு எரிந்தே ஆகவேண்டும். மின்குமிழ் எரிந்துபோயிருக்கலாம் அல்லது சுற்று அறுந்திருக்கலாம். அவ்வாறாயின் பின்னர் அமுக்கம் குறைந்தாலும் எச்சரிக்கை கிடைக்காது.

நினைவிற் கொள்க
விளக்கைச் சாரதி கவனியாதிருக்கலாம். அருகில் இருப்பவர் நீங்களாயின், "அண்ணை, சிவப்பு லைற் எரியுது" என்று தயங்காது சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை வானிலுள்ள அனைவரையும் காக்கக்கூடும்.